அப்பா தைத்த பாவாடை

மகளுக்குப் பாவாடை தைக்க என் மனைவி நீலத் துணி வெட்டித் தைக்கத் தொடங்கிய சமயத்தில்தான் அவளுக்கு நெஞ்சு நோய் கண்டது. கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாதி தைத்த பாவாடை ஒரு வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்தது.

அம்மாவைப் பார்க்கப் போகும்போது அதைத்தான் போடுவேன் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களிடம் தைத்துத் தரச் சொல்ல எனக்குக் கூச்சம். கதவைச் சாத்திக்கொண்டு நானே தைத்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கு தைத்துப் பழகிய கை. வேறு தையல் தெரியாது. அதற்குள் மகள் வளர்ந்துவிட்டதால், அடியில் என் வேட்டியைக் கிழித்து வெள்ளையாக ஒட்டுப் போட்டேன்.

ஹட்டனில் ரயிலேறினோம். எதிரே இருந்தவர்கள் பாவாடையையே பார்த்தார்கள். அவள் காலை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வார்டில் என் மனைவி பாவாடையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாருடி தச்சா?"

"அப்பாதாம்மா."

அவள் சிரித்தாள்; சிரிப்பு இருமலானது. இருமல் நின்றதும் பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்கக்கா, எங்க வீட்டுக்காரரு தச்சது!"

இன்னும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. "போதும், விடு" என்று முணுமுணுத்தேன்.

கிளம்பும்போது, "ஏங்க, அடுத்த மாசமும் இதையே போட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அவள் குணமாகி வீடு வரும்வரை அந்தப் பாவாடைதான் மாதாமாதம் கண்டிக்குப் போனது. நான் அந்த வார்டுக்குள் ஒருமுறைகூடத் தலைநிமிர்ந்து நடக்கவில்லை.