பனி லாரிக்குப் பின்னால்

அமெரிக்காவின் வடக்கே, டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டோரீன் நியெமிக்கு ஐம்பத்து மூன்று வயது. போன ஜூனில், இருபத்தாறு மைல் மாரத்தானின் இருபத்திரண்டாவது மைலில் கால் பிடித்துக்கொள்ள, வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஜனவரியில் மூன்று நாள் பனிப்புயல் அடித்தது. பள்ளிகளை மூடிவிட்டார்கள். டோரீன் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"தரை தேஞ்சுடப் போகுது, உக்காரேன்," என்றான் கணவன் லெராய்.

"மூணு நாளா ஓடல. கால் குறுகுறுங்குது."

"வெளியில மைனஸ் இருபது. மூக்கு உதிர்ந்துடும்."

நான்காம் நாள் காலை புயல் ஓய்ந்ததும் முகத்தில் வாஸ்லைனை அப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஏரிக்கரைச் சாலையில் முழங்கால் வரை பனி கிடந்தது. அரை மைல்கூடத் தாண்ட முடியவில்லை. இமைமயிர்கள் உறைந்து ஒட்டின. ஆத்திரத்தில் அழுகை வந்தது.

பின்னால் பனி தள்ளும் லாரி வந்து நின்றது. ஓட்டிவந்த டேல் அவளோடு பள்ளியில் படித்தவன்.

"ஏறு, வீட்ல விட்டுடறேன்."

"ஒரு தடவ வண்டியில ஏறினதே போதும். நீ போ."

டேல் சற்று யோசித்தான். "பாலம் வரைக்கும் நான் எப்படியும் தள்ளிக்கிட்டுப் போகணும். மெதுவாப் போறேன், பின்னாடியே வா. ரொம்ப ஒட்டி வந்துடாத."

லாரி பனியை ஒதுக்கி வழி உண்டாக்கிக்கொண்டே முன்னால் செல்ல, பாலம் வரை போய்த் திரும்பி, மொத்தம் ஆறு மைல் ஓடி முடித்தாள்.

லெராய் சூடாகக் காபி கொடுத்தான். பாதி குடிப்பதற்குள் எழுந்துபோய், நாளைக்கும் பனி கொட்டி ஓட்டத்தைக் கெடுத்துவிடுமோ என்று சன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள்.