நீலக் கை ஊற்றிய தண்ணீர்

அத்தானின் வலது கை நீலமாகவே பெட்டிக்குள் போனது. பார்க்க வந்தவர்கள் முதலில் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் கையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ. அதற்கு நடுவில், நெஞ்சின்மேல், மணிக்கட்டு வரைக்கும் மையில் ஊறியதுபோல ஒரு கை. கழுவி வைத்திருக்கலாமே என்று எங்கள் உறவுக்காரர்கள் ஊருக்குப் பஸ் ஏறும்வரை முணுமுணுத்தார்கள். கழுவ வேண்டாம் என்று சொன்னது அக்காதான். அந்தக் கையோடு அவளுக்கு எத்தனை வருஷப் பகை என்று அறிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே என்பதால், அவள் அப்படிச் சொன்னதை என்னால் நம்பவே முடியவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவர்கள். எண்பதுகளில், ஊரில் பிழைப்பு இல்லாமல் அவர்கள் இருவரும் திருப்பூருக்கு வந்தார்கள். பின்னாலேயே நானும் வந்து ஒட்டிக்கொண்டேன். ராயபுரத்தில் வரிசை வீடு ஒன்றில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அத்தானுக்குச் சாயப்பட்டறையில். கையுறை என்று ஒன்று இருப்பதே அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. வெறும் கையைத் தொட்டிக்குள் விட்டுத் துணியைப் புரட்டுவார்கள். "இந்த வாரம் என்ன கலர் ஆர்டருன்னு முதலாளிய ஏன் கேக்கறீங்க, என் கையப் பாருங்க" என்று சொல்லிச் சிரிப்பார். நல்ல சிரிப்பு. குடிக்காத நாட்களில்.

திருப்பூரில் எங்கள் சபைக்குக் கோயில் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து ஐயர் வருவார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், அதைக் கேட்டு வீட்டுக்கார அம்மா, "உங்க சாமிக்கும் ஐயருதானுங்களா?" என்று ஆச்சரியப்பட்டது உண்டு. காதர்பேட்டையில் ஒரு குடோனுக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் ஆராதனை. கீழே பனியன் மூட்டை கட்டும் சத்தம், மேலே எங்கள் பாட்டு. அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்க முழங்காலிடும்போது அத்தான் இரண்டு கையையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொள்வார். வாயை மட்டும் திறப்பார். சின்னப் பிள்ளை மருந்துக்கு வாய் திறப்பதுபோல இருக்கும்.

அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வலி வந்துவிட்டது. வண்டி பிடிக்கக்கூட நேரம் இல்லை. வீட்டுக்கார அம்மாதான் பிள்ளையை எடுத்தார். பெண் குழந்தை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. அழவில்லை, மூச்சு மட்டும் நூல் இழைபோல வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, தேறாது என்பதுபோலத் தலையை அசைத்தார். அதை அக்காவும் பார்த்துவிட்டாள். "ஐயரக் கூப்பிடுங்க, ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லுங்க" என்று கத்தினாள். ஐயர் கோயம்புத்தூரில். அது அவர் வருகிற ஞாயிறும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அத்தான் வந்தார். பட்டறையில் அரை நாள் வேலை முடித்து, வழியில் சாராயமும் குடித்துவிட்டு வந்திருந்தார். வாசலில் நின்று அறையைப் பார்த்தார். போதை இறங்கியதா, ஏறியதா, சொல்லத் தெரியவில்லை. "ஆபத்துன்னா யாரும் குடுக்கலாம்னு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தாங்க" என்றார் யாரையும் பார்க்காமல். குடிதண்ணீர்க் குடம் காலி. டிரம்மில் கிணற்றுத் தண்ணீர்தான் இருந்தது. எங்கள் கிணற்றில் அப்போதே சாயம் இறங்கத் தொடங்கியிருந்தது; மழை பெய்தால் தண்ணீர் லேசாகச் சிவந்து வரும். பிளாஸ்டிக் மக்கில் அதை மொண்டார். அக்கா ஆசை ஆசையாய்த் தேர்ந்து வைத்திருந்த பெயர் அவர் நினைவுக்கு வரவில்லை. செத்துப்போன தன் தாயின் பெயரைச் சொன்னார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று நாக்குக் குழற மூன்று தடவை ஊற்றினார். பிறகு நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். அந்த வாரம் அவர் கை நீலம். ஈர நெற்றியில் அது ஒட்டிக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் குழந்தை போய்விட்டது. கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த வெள்ளைப் பனியன் துணியில் சுற்றினோம். அக்கா நெற்றியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தோலோ காகிதம் போல இருந்தது. அழுத்தித் தேய்க்கவும் பயம். அந்த நீலக் கறையோடுதான் பிள்ளை மண்ணுக்குள் போனது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பக்கத்து வரிசையில் ஜெபக்கூட்டம் நடத்துகிற ஓர் அம்மாவும் இருந்தார். நல்ல மனுஷி, அக்காவுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். "குடிச்ச வாயி, சாயத் தண்ணி, ஒண்ணுந் தெரியாத பச்சக் கொழந்த. அது எப்படிங்க ஞானஸ்நானமாகும்? விசுவாசிச்சுத்தானுங்க முங்கோணும்." வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அக்காவுக்கு ஒரே கேள்விதான். தன் பிள்ளை கடவுளிடம் போய்ச் சேர்ந்ததா, இல்லையா?

அடுத்த மாதம் ஐயர் வந்ததும் அவரையே கேட்டாள். வாடிய முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவர் இரண்டே விஷயம் விசாரித்தார்.

"தண்ணி ஊத்தினாரா?"

"சாயத் தண்ணி, ஐயரே."

"தண்ணியா இல்லையா? தண்ணிதானே. நாமத்தச் சொன்னாரா?"

"சொன்னாரு. குடிச்சிருந்தாரு."

"அப்போ முடிஞ்சுதும்மா. தபால்காரன் குடிச்சிட்டு வந்தான்னு மணியார்டர் செல்லாமப் போயிடுமா? ஊத்தினது அவர் கை. குடுத்தது அவர் இல்ல."

பிள்ளைக்கு விசுவாசிக்கத் தெரியாதே என்றாள் அக்கா. விசுவாசமும் கடவுள் கொடுப்பதுதான், பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்க அவருக்குத் தெரியாதா என்றார். எங்கள் சபையின் போதனை அதுதான். சின்ன வயதில் நானும் மனப்பாடம் செய்ததுதான். கிருபை மனிதனுக்கு உள்ளேயிருந்து பொங்கி வருவதில்லை, வெளியிலிருந்து வருகிறது. காதில் விழுகிற வார்த்தையில், தலையில் விழுகிற தண்ணீரில், நாவில் வைக்கிற அப்பத்தில், உதட்டில் படுகிற ரசத்தில். அதைக் கொண்டுவருகிற ஆள் யோக்கியனா என்று பார்க்க ஆரம்பித்தால் உலகத்தில் ஒருவனுக்கும் ஒன்றும் கிடைக்காது. மனப்பாடமாகச் சொல்லும்போது இது எவ்வளவு ஆறுதல்! ஆனால் அந்தத் தண்ணீரை ஊற்றியவன் வாயிலிருந்து சாராய நாற்றம் வந்ததை நினைத்துக்கொண்டே படுத்து எழுகிறவளுக்கு அது ஆறுதலாக இல்லை. கடவுள் ஏன் தன் கிருபையைப் போயும் போயும் இப்படிப்பட்ட கைகளில் கொடுத்துவைத்தார் என்று எனக்கே கோபம் வந்தது. அன்றைய ஆராதனையில் ஐயர் குழந்தையின் பெயரைச் சபைக்கு அறிவித்தார். அத்தான் சொன்ன பெயர். அக்கா எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

பிறகு அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை. ஜெபக்கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். பல்லடம் பக்கத்து வாய்க்காலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அன்று கரையில் அவளுடைய மாற்றுச் சேலையை வைத்துக்கொண்டு நின்றவர் அத்தான்தான். கறை பட்டுவிடக் கூடாதென்று சேலையை ஒரு பையில் போட்டு, பையின் காதைப் பிடித்திருந்தார். "அவளுக்கு நிம்மதின்னா சரிதான்" என்றார் என்னிடம். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "முங்கி எழுந்தவ கரையேறிட்டா. முங்கத் தெரியாமப் போனது எங்க நிக்குது?" என்று கேட்டார். அவர் குடியும் குறையவில்லை. அக்கா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் பேசவில்லை. அவர் தட்டில் கைவைக்கும்போதெல்லாம் அவள் பார்வை வேறு பக்கம் போய்விடும்.

தொண்ணூறுகளில் ஊர் பெருத்தது. பட்டறைகளும் பெருத்தன. சாயக் கழிவைத் தேக்கிவைக்கத் தொட்டி கட்டினார்கள். அதில் அடைப்பு எடுக்க ஆள் இறக்குவார்கள். ஒரு நாள் காலையில் இறங்கிய பையன் மேலே வரவில்லை என்று அத்தான் இறங்கினார். உள்ளே விஷவாயு. பையனை மேலே தள்ளிவிட்டார், பையன் பிழைத்துக்கொண்டான். அத்தானைக் கயிறு கட்டித்தான் தூக்கினார்கள். கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நினைவு இருந்தது. நுரையீரல் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஐயருக்கு ஆள் அனுப்பியிருந்தோம். அவர் வந்து சேருவதற்குள் அத்தானுக்கு மேல்மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வாய்க்குழாயை விலக்கச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினார். அக்காவைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் ஊத்துனது... செல்லுமா?"

அந்தக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அக்காவின் முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. செல்லாது என்பதன் மேல்தான் அவள் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருந்தாள். செல்லாது என்று நம்பித்தான் வாய்க்காலில் முங்கினாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. சொல்லேன் அக்கா என்று நான் மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள்.

"செல்லும். செல்லுங்க. புள்ள ஆண்டவர்கிட்டதான் இருக்கு. நீங்களும் போங்க."

அவர் உதடு அசைந்தது. அதோடு மூச்சு நின்றது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஐயர் வந்தார். அவரும் கிழவராகிவிட்டிருந்தார். தனியாக அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். அக்கா நம்பிச் சொன்னாளா, சாகிறவர் மனசு ஆறட்டும் என்று சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை ஐயரே, நம்பாமல் சொல்லியிருந்தால் அந்த வார்த்தை அவருக்குப் போய்ச் சேருமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவ சொன்னாளா?"

"சொன்னா."

"அவர் காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"அப்போ முடிஞ்சுதும்மா."

போன மாதம் எங்கள் கோயிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். இப்போது எங்களுக்குச் சொந்தக் கோயில் இருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டிக்குக் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள்; கிணற்றுத் தண்ணீரை இந்த ஊரில் இனி எவனும் தொட முடியாது. உறவுக்காரப் பிள்ளை என்பதால் அக்காவும் வந்திருந்தாள். இன்றைக்கும் அவள் ஜெபக்கூட்டத்துக்காரிதான். ஆஸ்பத்திரியில் சொன்னதை நம்பித்தான் சொன்னாயா என்று நான் அவளைக் கேட்டதில்லை. இளவயது ஐயர், கழுவித் துடைத்த வெள்ளைக் கை. தண்ணீர் மொள்ளும்போது கண்ணாடிபோல இருந்தது. அக்கா குழந்தையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அத்தானைக் குளிப்பாட்டிய அன்று, வீட்டுக்கார அம்மா பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வந்தார். "கை இப்புடி நீலமாக் கெடக்குதே கண்ணு. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? கொஞ்சம் தேச்சு உட்டுரலாமுங்களா?" என்றார். அத்தனை வருஷமாகப் பார்க்க மறுத்த அந்தக் கையை அக்கா இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும். எம்புள்ள நெத்தியிலயும் இந்த நீலந்தான் இருக்கு. கழுவிட்டா, அதுக்கு அப்பன அடையாளம் தெரியாமப் போயிடும்."