வியாழக்கிழமை டாக்டர்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரத்தக்குழாய் டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். காலை ரயிலில் திருவனந்தபுரத்திலிருந்து வந்து இரண்டு ஆப்பரேஷன் முடித்துவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடிப்பார். மூன்றாவதற்கு நேரம் இருக்காது. சர்க்கரையாலும் பீடியாலும் கால் ரத்தக்குழாய் அடைத்துப் படுத்திருப்பவர்கள் வார்டில் எப்போதும் நாலைந்து பேர். அதில் யார் அந்த இருவர் என்று புதன்கிழமையே போனில் சொல்லிவிடுவார். நர்ஸான நான் எழுதிக்கொள்வேன்.

அந்த வாரம் அவர் மூன்றாவதாகச் சொன்னது அதே வார்டில் கிடந்த என் சொந்த அண்ணனை. திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். சரிவில் ஏறி இறங்கித்தான் பிழைப்பு. "மற்ற ரெண்டு பேருக்கும் அவசரம் கூடுதல் சிஸ்டர். அண்ணனை அடுத்த வியாழன் எடுக்கலாம்" என்றார். சரி மேடம் என்று வாய்தான் சொன்னது. இத்தனை வருஷம் கூட நின்றதற்கு இதுதானா மரியாதை என்று இரவெல்லாம் பொருமினேன்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணனிடம் போனேன். பாதத்தில் நாடி கிடைக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வைப்போம். டாப்ளர் என்கிற சின்னக் கருவியை அங்கே வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். நான் போட்டிருந்த குறியைக் காணோம்.

"டாக்டரம்மா வந்து பாக்கும்போ மை பிடிச்ச காலா இருக்கப்பிடாதுல்லா? சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய் தேச்சு விட்டேன்" என்றாள் அண்ணன் மனைவி. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"அவள ஏசாத ஏட்டி. வேற ஒரு புள்ளி போடு" என்று அண்ணன் சிரித்தான்.

டாப்ளரைப் பாதமெங்கும் நகர்த்தினேன். சத்தமே இல்லை. கணுக்காலிலும் இல்லை. காலைத் தொட்டால் சில்லென்றிருந்தது. விரலை அசைக்கச் சொன்னேன், அவனால் முடியவில்லை. இன்னும் சில மணி நேரம் போனால் காலை எடுக்க வேண்டியதுதான்.

தியேட்டருக்கு ஓடினேன். டாக்டர் இரண்டாவதை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்குமுன், "கொண்டு வாங்க" என்று மறுபடி கைகழுவப் போய்விட்டார். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தொடையிலிருந்து ஒரு சிரையை எடுத்து, உள்ளிருக்கும் வால்வுகள் ரத்தத்தை மறிக்காதபடி தலைகீழாகத் திருப்பி, அடைப்புக்கு மேலும் கீழும் இணைத்துத் தைத்தார். தலைமுடியைவிட மெல்லிய நூல். எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனாலும் ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளிப்பை எடுத்ததும், வெளுத்துக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தபோது எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கர்த்தரே, ஒரு மனுஷியின் கை இதைச் செய்யுமா!

எல்லாம் முடிந்து டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். குளுக்கோஸ் அட்டைப்பெட்டி மேல் கால்களைத் தூக்கி வைத்து, இறுக்கமான நீளக் காலுறையை உருட்டிக் கழற்றினார். முழங்காலுக்குக் கீழே சிரைகள் நீலமாக முறுக்கிப் புடைத்திருந்தன. கணுக்காலில் தோல் கறுத்துப் போயிருந்தது. நின்று நின்றே முற்றிய நோய். அதே நோய்க்குப் பிறர் காலில் ஆப்பரேஷன் செய்கிறவரும் இவர்தான்.

"இத எப்பம் சரி பண்ணப் போறீங்க மேடம்?"

"பண்ணினா ரெண்டு வாரமாவது நிக்க முடியாதே சிஸ்டர். ரெண்டு வியாழன் நான் வரலேன்னா நாலு கால்."

முந்தின இரவு பொருமியதை நினைத்து வெட்கமாக இருந்தது. எங்கள் சபையில் மனுஷர் காலைத் தொடும் வழக்கம் கிடையாது. நான் குனிந்து தொட்டேன்.

அவர் காலை இழுத்துக்கொண்டார். "இங்கே என்ன பண்றீங்க? அண்ணன் கால் சூடா இருக்கான்னு போய்ப் பாருங்க."