பென்குயின் கூட்டுக்கு ஐந்து மீட்டர்

தென்துருவப் பக்கத்துத் தீவுகளுக்குப் போகும் சுற்றுலாக் கப்பலில், கரையிறங்கும் பயணிகளின் பூட்ஸைக் கழுவிவிடுவதுதான் அப்போது என் உத்தியோகம். என் சொந்த ஊர் பென்னலூரில் மட்டும் நான் கேப்டன். கதை விட்டு மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

அருகம்புல்

பூட்ஸ் இடுக்கில் ஒரு விதை, ஒரு பொட்டு மண் இருந்தாலும் கரையில் கால் வைக்க விடமாட்டோம். வேற்று ஊர்ப் புல் அங்கே முளைத்துவிடும். நோய் ஒட்டிக்கொண்டு போனால் பென்குயின்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும். ஒரு சீமாட்டியின் பூட்ஸை ஊசியால் குடைந்து குடைந்து அவரை அழவே வைத்திருக்கிறேன். அன்றைக்கே என் சட்டைப்பையைச் சோதித்த சூப்பர்வைசர், தூத்துக்குடி அந்தோணி, வல்லக்கோட்டை முருகன் கோவிலில் பிள்ளையார் சந்நிதியில் கொடுத்த காய்ந்த அருகம்புல்லை வெளியே எடுத்தான்.

"அண்ணாச்சி, புள்ளையாரு கப்பல்லயே இருக்கட்டும். நீரு மட்டும் எறங்கும்."

போட்டோ

பென்குயினுக்கு ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். ஒருநாள் ஒரு பென்குயின் தானாகவே என்னிடம் வந்து, நான் கழுவின பூட்ஸைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது. (தலையாட்டியது மட்டும் என் கைச்சரக்கு.) அந்தத் தைரியத்தில், ஊருக்குக் காட்டப் படம் எடுக்கலாமென்று ஒரு கூட்டுப் பக்கம் போனேன். அடைகாத்த பறவை மிரண்டு எழுந்தது. மேலே வட்டமிட்ட பழுப்புப் பறவை இறங்கி, முட்டையைக் கவ்விக்கொண்டு போயிற்று. பென்குயின் திரும்பி வந்து வெறும் கல்மேல் உட்கார்ந்தது.

அந்தோணி திட்டவில்லை. "படம் நல்லா விழுந்துச்சா, அண்ணாச்சி?"

ஷூ கவர்

இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில், ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு ஷூ கவர் மாட்டிவிடுகிறேன். கவரோடு கதை இலவசம். முட்டையைப் பறவையிடமிருந்து பிடுங்கி, என் குல்லாயில் வைத்து அடைகாத்தேன், குஞ்சு என் மடியிலேயே தூங்கியது என்று. போன வாரம் பெரிய மேனேஜர் காலை நீட்டியபடி, "அடுத்த மாசம் நாங்களும் அங்க போறோம், பெரியவரே. நானும் ஒரு குஞ்ச மடியில வெச்சுப் படம் எடுக்கப்போறேன்" என்றார்.

வரிசை முழுக்கக் கேட்க, "கிட்டப் போகாதீங்க சார். நான் போனேன், முட்டை போச்சு. குஞ்சே இல்ல" என்றேன். "சரி, தள்ளியே நின்னுக்கறேன்" என்று அவர் உள்ளே போய்விட்டார். பின்னால் நின்ற தண்டலம் கல்பனாதான் விடவில்லை.

"அந்தக் குஞ்சுக்கு என் பொண்ணு பேரே வெச்சிக்கீறா, தாத்தா. இப்ப வூட்ல போய் நான் இன்னா சொல்றது?"

அழுக்கு பூட்ஸால் அந்தத் தீவுகளுக்குக் கேடு வராமல் அத்தனை வருஷம் காத்தேன். கேட்டைச் செய்ததோ, நானே கழுவிப் போட்டுக்கொண்ட சுத்தமான பூட்ஸ்.