வாடகை வீட்டில் பால் காய்ச்சிய காலை

திருகோணமலையில் பிறந்து, திருகோணமலையிலேயே இருந்துகொண்டு, விடுமுறைக்கென்று திருகோணமலையிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தவன் நான். இதைச் சொல்லும்போது ஊர் சிரிக்கும். எனக்கோ இப்போதும் நெஞ்சு நிமிரும்.

காரணம் அக்கா. எங்கள் குடும்பத்தில் யார் எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் இறங்குவது அன்புவழிபுரத்தில் அவருடைய வீட்டில்தான். கனடாவிலிருந்து சின்னக்கா, கந்தளாயிலிருந்து அண்ணன், அவரவர் பிள்ளைகள். வந்தவர்கள் கோயிலுக்குப் போவார்கள், வெந்நீர்க் கிணற்றுக்குப் போவார்கள், கடலுக்குப் போவார்கள். அக்கா குசினிக்குப் போவார். எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, கறிச் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, நின்றபடி சாப்பிடுவார். சைக்கிளில் போகிற தூரத்தில் அத்தனை பெரிய கடல். விருந்தாளிகள் இருக்கும் நாளில் அக்கா அதைப் பார்த்ததே இல்லை.

இந்த ஆவணியில் எல்லாருமே வருகிறார்கள் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்புவெளிப் பக்கம் வீடு வீடாக அலைந்தேன். ஒன்றில் கடல் இருந்தது, காற்று வர யன்னல் இல்லை. இன்னொன்றில் குளிரூட்டி இருந்தது, கடல் இல்லை. கடைசியில் கிண்ணியாக்காரர் ஒருவரின் வீடு அகப்பட்டது. அகன்ற விறாந்தை, கடலைப் பார்த்தபடி கதிரைகள். சமையலை அவருடைய மனைவியே பார்த்துக்கொள்வார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை நானா என்றே கூப்பிட்டேன்.

"நானா, ஒரே ஒரு விசயம். என்ர அக்காவைக் குசினிப் பக்கம் விடக்கூடாது" என்றேன்.

"பயப்படாதீங்க தம்பி. எங்கட வீட்டுக்காரி என்னையே விடமாட்டா."

அக்காவிடம் சொன்னேன். முகம் கறுத்துப்போயிற்று.

"ஏன் தம்பி, என்ர வீடு காணாமப் போச்சோ?"

"அப்பிடியில்லை அக்கா. நீங்கள் ஒருக்கா இருந்து சாப்பிடவேணும், அதுதான்."

"ஊருக்குள்ள வீட்டை வச்சுக்கொண்டு, வந்த சனத்தை வாடகை வீட்டில இருத்தினால் அயலட்டை என்ன கதைக்கும்? அக்காவும் தம்பியும் கோவம் எண்டெல்லோ கதைக்கும். நீங்கள் எல்லாரும் போங்கோ. நான் பின்னேரமா வந்து எட்டிப் பார்த்திட்டுப் போறன்."

அந்தக் கதையோடு அவ்வளவு பெரிய வீடும் எனக்குள் சுருங்கிவிட்டது. அக்கா வந்து தங்காவிட்டால் அது வீடா? மெத்தையும் மின்விசிறியும் போட்ட பஸ் நிலையம். வெள்ளிக்கிழமை காலை வந்திறங்கிய சின்னக்கா கடலைப் பார்க்குமுன் என்னைத்தான் பார்த்தார். "அவ வரமாட்டா. உனக்கு விசர்" என்றார்.

பயணப்பைகளைப் பிரிக்கவில்லை, வாசலில் ஓட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது குத்துவிளக்கு. பிறகு புதுப் பானை, தேங்காய், மாவிலைக் கொத்து. கடைசியாக, கலியாணவீட்டுச் சேலையில் அக்கா.

"வாடகை எண்டாலும் வீடு வீடுதானே. பால் காய்ச்சாமப் பிள்ளையளை உள்ள படுக்கவிட ஏலாது" என்றார்.

வெள்ளி வந்து திங்கள் போகிற வீட்டுக்கு, புதுமனை புகுவதுபோலக் குடிபூரல்!

குசினியில் இருந்தது கண்ணாடித் தட்டு வைத்த மின்னடுப்பு. பானையோடு போன அக்காவை நானா இரு கைகளையும் விரித்து மறித்தார். ஆகவே முற்றத்து மணலில் கல் வைத்துத் தென்னம்மட்டை மூட்டினோம். மூட்ட மூட்டக் கச்சான் காற்று ஊதி அணைத்தது. தரையைச் சுட்டுக்கொண்டு மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்குச் சடங்கும் தெரியாது, சாத்திரமும் தெரியாது.

நானா என்னை ஓரமாக இழுத்தார். "தம்பி, உண்மையைச் சொல்லுங்க. திங்கக்கிழம போவீங்கதானே? இது குடிவாற ஆக்கள் செய்யிற வேலையெல்லோ!"

நான் பதில் சொல்லுமுன் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு மேற்கே போய் நின்றார். பக்கத்தில் சின்னக்கா துவாயை விரித்துப் பிடித்தார். பிள்ளைகள் ஈரக் காற்சட்டையோடு தோளுக்குத் தோள் நெருங்கினார்கள். நானும் போனேன். மிச்சமிருந்த இடைவெளியில், தலையை ஆட்டிக்கொண்டே, நானா வந்து நின்றார். ஒருவர் விழிக்கும் நேரம் மற்றவர் உறங்கும் நாடுகளில் பிரிந்து கிடக்கும் உடம்புகள், ஒரு பானைப் பாலுக்குச் சுவராகி நின்றன. இவர்கள் என் ஆட்கள் என்று அந்தக் கடலைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்போல இருந்தது.

தீ பிடித்தது. பால் ஏறியது, விளிம்பில் ஒரு கணம் தயங்கியது, பொங்கி வழிந்தது.

"பாருங்கோ, கிழக்காலதான் பொங்குது! நல்ல சகுனம்" என்றார் அக்கா.

"இந்தக் காத்துக்கு வேற எங்கால பொங்கும்?" என்றார் சின்னக்கா.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இனி இது எங்கட வீடு. நான் ஒரு சொதியாவது வைக்கிறன்."

நான் பயந்தது இதற்குத்தான். ஆனால் சின்னக்கா முந்திக்கொண்டு குசினி வாசலை மறித்தார். "நில்லுங்கோ. பால் காய்ச்சினவ அண்டைக்கு அடுப்படிக்குப் போகக்கூடாது."

"இதெந்தச் சாத்திரத்தில இருக்கு?"

"கனடாச் சாத்திரம்."

"கந்தளாயிலயும் அப்பிடித்தான்" என்றார் அண்ணன், கண்ணிமைக்காமல்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்ப திருகோணமலையில?"

"இண்டையிலயிருந்து இஞ்சயும்" என்றேன்.

அவருக்கு விளங்காமலா? சிரிப்பை அடக்கிக்கொண்டு விறாந்தைக் கதிரையில் போய் இருந்தார். மத்தியானம் முதல் தட்டு அவருடைய மடிக்குத்தான் போனது. நானாவின் மனைவி வைத்த பாரைமீன் குழம்பு. ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு கொஞ்சம் குறைவு" என்றார். எதிரே கடல் வெள்ளி வெள்ளியாய் உடைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, மிக மெதுவாக, உட்கார்ந்து சாப்பிட்டார்.

பாதியில் அலைபேசி அடித்தது. அன்புவழிபுரத்துப் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் எல்லாருடைய கையும் தட்டிலேயே நின்றுவிட்டது. அக்கா இடக்கையால் எடுத்து, அலை இரைச்சலுக்கு மேலால் கத்தினார்.

"ஓம், ஓம், எல்லாரும் எங்கட வீட்டிலதான் நிக்கினம். கடற்கரை வீட்டில. தம்பி எடுத்தது. பாலும் காய்ச்சியாச்சு... இல்லையில்லை, திங்கக்கிழமைதான் வருவன். இப்ப கதைக்க ஏலாது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்."

சின்னக்கா குழம்புச் சட்டியோடு வந்தார். அக்கா தட்டை நீட்டினார். எழும்பவில்லை.