மிலாறு மண்ணான கதை

கடைசியாக அவர்கள் சேர்ந்து செய்த வேலை, லயத்துக் கோடியில், தொழிலாளர் வீட்டு வரிசை முடியும் இடத்தில், இருந்த புது எருக்குவியலைப் புரட்டியதுதான். ஞாயிறு காலை. மாடசாமி எருக்கிளறும் இரும்பு முள்ளால் கிளறிப் போட்டார். மகள் சுபாஜினி தண்ணீர் தெளித்தாள். அவர் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார்.

"தொட்டுப் பாரு. சோறு வடிச்ச பானை மாதிரி இருக்கு."

தொட்டாள். ஐம்பது பாகைச் சூடாவது இருக்கும்.

மாடசாமி மலைநாட்டில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியின் தலையைச் சீவி, புதுக் கொழுந்துக்கு வழிவிடும் வேலை அது. வெட்டி விழும் குச்சிக்கு மிலாறு என்று பெயர். விறகுக்குத் தூக்கிப் போனால் யாரும் கேட்பதில்லை. எருவாக்கினால் கேட்பார்கள் என்பது ஓய்வு பெற்று, முதல் குவியலைப் போட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

தோட்ட ஆபீசுக் கிளாக்கர் இளையதம்பி ஒருநாள் வந்து நின்றார்.

"உந்தக் குப்பையை எப்ப எடுக்கப் போறீர்?"

"குப்பை இல்லைங்க ஐயா, எரு."

"இண்டைக்கு எரு எண்டுவீர், நாளைக்கு வேலி போடுவீர்."

"அந்த நெனப்பே இல்லாம இருந்துச்சு. நீங்க சொன்னப்புறம் நல்ல யோசனையாத்தான் படுது."

லயத்து வாசல்களில் சிரிப்பு எழுந்தது. இளையதம்பி சிரிக்கவில்லை. மூன்று மாதத் தவணை தந்தார். அதற்குள் மண்ணாகிவிட்டால் இடம் மாடசாமிக்கு. ஆகாவிட்டால் டிராக்டர் வந்து அள்ளிப் போகும்.

ஆறு வாரத்தில் குவியல் ஆறிப்போயிற்று. கொழும்பில் ஆய்வுகூடமொன்றில் வேலை பார்க்கும் சுபாஜினி லீவில் வந்து கிளறினாள். மிலாறு போட்டது போட்டபடி கிடந்தது. மேலே கனமாக அடுப்புச் சாம்பல். லயத்துப் பத்து வீட்டுச் சாம்பலையும் அந்தக் கோடியில் கொட்டுவதுதான் வழக்கம். அதுவும் உரம்தானே என்று மாடசாமி விட்டிருந்தார்.

"சாம்பல் காரம்பா. பங்கசுக்கு, அதான் பூஞ்சணத்துக்கு, ஆகாது."

"பங்கசு இங்க என்ன வேலை செய்யுது?"

"செடியோட ஒவ்வொரு உயிர்க்கலத்துக்கும் சுவர் இருக்கு. செலுலோசு கம்பி மாதிரி, லிக்னின் சீமெந்து மாதிரி. பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் கடிக்க வாய் கிடையாது. நொதியம்னு ஒரு பொருளை வெளியே விடும். அது சுவரைத் துண்டு துண்டா வெட்டிச் சீனியாக்கும். அப்புறம்தான் உறிஞ்சும். மிலாறு முத்தின குச்சி, லிக்னின் கூடுதல். அதை உடைக்கப் பங்கசு வேணும்."

"ஒரே நொதியம் எல்லாத்தையும் வெட்டிருமா?"

"இல்ல. ஒவ்வொன்னுக்கும் ஒரு வெட்டுத்தான் தெரியும்."

"அப்ப நம்ம ஆளுதான்," என்றார் கவ்வாத்துக்காரர்.

ஆனாலும் அவள் உண்மையைச் சொன்னாள். மிலாறு மக்க ஒரு வருடமாகும். மிச்சம் ஆறு வாரம். விட்டுவிடுவது நல்லது.

"எரிக்கிறதுக்குன்னா என்னோடது, மண்ணாக்குறதுக்குன்னா தோட்டத்தோடதா? விட மாட்டேன்."

மறுநாளே சாம்பலை வழித்தெறிந்தார். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, மிலாறு முழுவதையும் விரல் நீளத்துக்கு நறுக்கினார். பள்ளத்தில் விழுந்து கிடந்த மரத்திலிருந்து வெள்ளைப் பங்கசு படர்ந்த உளுத்த கட்டைகளைச் சுமந்து வந்து இடையிடையே செருகினார். சாணமும் பச்சை இலையும் சேர்த்தார். நான்காம் நாள் குவியலில் ஆவி எழுந்தது.

தவணை முடிந்த சனிக்கிழமை, சலித்த எருவை இளையதம்பி அள்ளி மோந்து பார்த்தார். தடித்த குச்சிகள் கொஞ்சம் அப்படியேதான் கிடந்தன. மற்றதெல்லாம் கறுப்பு மண். அவர் மறுக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாடசாமி எழுத்துக்கூட்டி வாசித்தார். இடத்தைத் 'தற்காலிகமாக' வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

"இந்த ஒரு சொல்லை அடிச்சுத் தாங்க. கையெழுத்துப் போடுறேன்."

"எனக்கு அதிகாரம் இல்லை. திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்து மனேஜர் துரையோட கதையும்."

"வர்றேன்."

மறுநாள், ஞாயிறு காலை, பக்கத்தில் ஏற்கெனவே போட்டிருந்த புதுக் குவியலை மகளோடு புரட்டினார். மாலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மாடசாமிக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

சுபாஜினி கையில் இருக்கும் தாளில் கையெழுத்து இல்லை. அந்தச் சொல்லும் அடிபடவில்லை. ஆபீசு திங்கட்கிழமைகளில் எட்டு மணிக்குத் திறக்கும்.