கல்யாணப் பொண்ணு ஏறின ஃபியட்

இன்னிக்கு என் மனசு நெறைஞ்சு போச்சு.

எங்க பழைய ஃபியட்டுல, ஸ்பார்க் குடுக்குற, அடிக்கடி கரி பிடிச்சு வண்டியை நிறுத்துற பாயிண்ட் செட்டைக் கழட்டிட்டு நானே எலக்ட்ரானிக் இக்னீஷன் மாட்டினேன். என் வீட்டுக்காரரோட அண்ணன் அதைப் பாத்துட்டு, "பொம்பள கை வச்ச வண்டி, நடு ரோட்ல நிக்கும்"னு சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. தன் பொண்ணு கல்யாணத்துக்கு என் வண்டியைக் கேக்கவே இல்ல. தன்னோட பழைய கார்லதான் பொண்ணை மண்டபத்துக்கு அழைச்சிட்டுப் போவேன்னாரு.

காலையில கோரிமேட்டு நெரிசல்ல அந்தக் கார் நின்னுடுச்சு. பின்னாடியே நான் வந்தேன். பட்டுச் சட்டையோட மனுஷன் பானெட்டுக்குள்ள குனிஞ்சு, உப்புத்தாளால பாயிண்ட்டைத் தேய்ச்சிட்டிருக்காரு. பொண்ணு உள்ள வேர்த்து அழுவுறா.

"சித்தி, முகூர்த்தம் போயிடும்!"

"வா கண்ணு, ஏறு."

அவளும் அவ அம்மாவும் பின்னாடி ஏறினாங்க. முன் சீட்டு காலி. அவரு கதவுல கை வச்சாரு.

"வேணாம் மாமா. பொம்பள கை வச்ச வண்டி. இதை நம்பி உங்களை எப்படி ஏத்துறது?"

சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு. கண்ணாடியில அவரு சின்னதாகுற வரைக்கும் பாத்தேன்.

தாலி கட்டுறதுக்குள்ள ஆட்டோவுல வந்து சேந்துட்டாரு. கையெல்லாம் கரி. நான் போட்டோகிராபரைக் கூப்பிட்டு, "பொண்ணோட அப்பா கை நல்லா தெரியுற மாதிரி எடுங்க"ன்னேன்.

வீட்டுக்காரர் இன்னும் என்கூடப் பேசல. நீங்களே சொல்லுங்க, கொஞ்சம் ஓவராப் போயிட்டேனா? ஆமான்னு சொல்றவங்க அடுத்த கல்யாணத்துக்கு பஸ்ல வாங்க.